திரையில் ஒரு மேடை: குறை எங்கே?

இயல், இசை, நாடகம் என மூன்றாக வகுத்து, நாடகத்தைத் தமிழின் ஒரு கூறாகவே போற்றி வந்த மரபு நம்முடையது. அகப்பொருளுக்கு இலக்கணம் கண்ட தொல்காப்பியர், நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் பகைவராக்காமல் அருகருகே வைத்தே பேசினார். அத்தகைய மொழியில், திரைப்படத் திறனாய்வு வளரத் தொடங்கிய பின்னர், 'நாடகம்' என்னும் சொல் ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. ஒரு படத்தைப் பற்றி, "நாடகம் போல இருக்கிறது" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். வழக்கு முடிந்தது, மேல்முறையீட்டுக்கும் இடமில்லை. மேடையிலிருந்து திரைக்கு வந்த 'பராசக்தி' (1952), 'ரத்தக்கண்ணீர்' (1954) முதலிய படங்கள் மீது இத்தீர்ப்பு வழங்கப்பட்டதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்.

இத்தீர்ப்பு தமிழ்ப் படங்களுக்கு மட்டும் உரியதன்று. ஹாலிவுட்டின் பெயர்பெற்ற படங்கள் பலவும் இதே கூண்டில் நின்றிருக்கின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, இக்குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் நியாயமானது, எந்த இடத்தில் அது கண்ணை மறைக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் எடுத்துக்கொள்ளும் படம், 1961ஆம் ஆண்டு கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட 'எ ரெய்சின் இன் த சன்'. 'வெயிலில் கிடக்கும் உலர்திராட்சை' என்று இத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் கவிதை ஒன்றிலிருந்து இது எடுக்கப்பெற்றது.

மேடையில் பிறந்த கதை

லொரெய்ன் ஹான்ஸ்பெரி அம்மையார் எழுதிய இந்நாடகம், 1959 மார்ச் 11 அன்று நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் முதன்முதலாக நடிக்கப்பெற்றது. பிராட்வேயில் அரங்கேறிய முதல் கறுப்பினப் பெண் நாடகாசிரியர் அவரே. அந்நாடகத்தை இயக்கிய லாயிட் ரிச்சர்ட்ஸ், அங்கு நாடகம் இயக்கிய முதல் கறுப்பினத்தவர். 530 முறை நடிக்கப்பெற்ற அந்நாடகம், நியூயார்க் நாடக விமர்சகர் குழுவின் சிறந்த நாடகத்துக்கான விருதையும் பெற்றது. அப்பொழுது ஆசிரியருக்கு வயது இருபத்தெட்டு.

இரண்டே ஆண்டுகளில் நாடகம் படமாயிற்று. திரைக்கதையையும் ஹான்ஸ்பெரியே எழுதினார். இயக்கியவர் டேனியல் பெட்ரி. சிட்னி பாய்ட்டியர், கிளாடியா மெக்னீல், ரூபி டீ, டயானா சாண்ட்ஸ் எனப் பிராட்வே மேடையில் நடித்தவர்களே திரையிலும் நடித்தனர். 128 நிமிடங்கள் ஓடும் இக்கறுப்பு வெள்ளைப் படம் கான் திரைப்பட விழாவில் காரி கூப்பர் விருதைப் பெற்றது. 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பெற்றது.

கதை எளியது. சிகாகோ நகரின் தெற்குப் பகுதியில் ஒரு சிறு குடியிருப்பு. அதில் ஐவர் வாழ்கின்றனர். கணவனை இழந்த தாய் லீனா, செல்வரிடம் காரோட்டியாக இருக்கும் மகன் வால்ட்டர், வீட்டுவேலை செய்யும் மருமகள் ரூத், மருத்துவம் பயில விரும்பும் மகள் பெனீதா, பேரன் டிராவிஸ். பேரன் உறங்குவது கூடத்துச் சாய்விருக்கையில். குளியலறை வெளிநடையில் இருக்கிறது. அண்டை வீட்டாருக்கும் அது பொது. உழைத்து ஓய்ந்து மறைந்த தந்தையின் காப்பீட்டுத் தொகையாக 10,000 டாலர் வருகிறது. அதைக் கொண்டு மதுக்கடை வைக்க நினைக்கிறான் மகன். இறைநம்பிக்கை மிக்க தாய்க்கு அது பிடிக்கவில்லை. அவர் 3,500 டாலரை முன்பணமாகக் கட்டி, வெள்ளையர் வாழும் கிளைபோர்ன் பார்க் பகுதியில் ஒரு வீடு வாங்குகிறார். எஞ்சிய 6,500 டாலரை மகனிடம் ஒப்படைத்து, அதில் 3,000 டாலரைத் தங்கையின் படிப்புக்கென வைக்கச் சொல்கிறார். மகனோ அனைத்தையும் கூட்டாளி ஒருவனிடம் கொடுத்து ஏமாறுகிறான். இதற்கிடையே, அப்பகுதி வீட்டுரிமையாளர் சங்கத்தின் சார்பில் லிண்ட்னர் என்பவர் வருகிறார். "நீங்கள் இங்கே குடிவர வேண்டாம், வீட்டை நாங்களே கூடுதல் விலைக்கு வாங்கிக்கொள்கிறோம்" என்பது அவர் கொண்டுவந்த செய்தியின் சாரம். பணத்தை இழந்த வால்ட்டர் அதற்கு இசைய எண்ணுகிறான். ஆனால் தன் மகன் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பணம் வேண்டாம் என மறுத்து நிமிர்கிறான். குடும்பம் புது வீட்டுக்குப் புறப்படுகிறது.

குற்றச்சாட்டில் உள்ள உண்மை

இப்படம் நாடகம் போலவே இருக்கிறது என்போர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. அதை மறைத்துப் பேசுவது திறனாய்வு ஆகாது. படத்தின் மிகப் பெரும்பகுதி அந்தக் கூடத்திலேயே நிகழ்கிறது. கதவு திறக்கிறது, ஒருவர் வருகிறார். பேசி முடித்ததும் இன்னொருவர் உள்ளறைக்குச் செல்கிறார். ஒப்பனையறையிலிருந்து மேடைக்கு வந்து போகும் முறையே இது. காமிராவும் பெரும்பாலும் அரங்கின் முன்வரிசையில் இடம்பிடித்த பார்வையாளரைப் போல, பேசுவோரை நடுத்தரத் தொலைவில் நின்று நோக்குகிறது. நடிப்பிலும் மேடையின் சாயல் உண்டு. கடைசி வரிசையில் அமர்ந்தவருக்கும் கேட்க வேண்டும் எனப் பழகிய குரலும், நீண்டு விரியும் கையும், அருகிலிருந்து நோக்கும் காமிராவின் முன் சில இடங்களில் மிகையாகின்றன. கிளாடியா மெக்னீலின் பெருமிதமும் பாய்ட்டியரின் துடிப்பும் நம்மைக் கட்டிப்போடுகின்றன என்பது உண்மை. அவ்வப்போது செவியைச் சற்று அயரவைக்கின்றன என்பதும் உண்மையே.

ஆனால் இக்குறைகளுக்குக் காரணம் ஒரே அறை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது என்பதற்கு ஹாலிவுட்டே சான்று தருகிறது. சிட்னி லூமெட் இயக்கிய '12 ஆங்ரி மென்' (1957), தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள சில நிமிடங்கள் நீங்கலாக, நடுவர்கள் கூடும் அறையையும் அதனையொட்டிய கழிவறையையும் விட்டு வெளியேறுவதே இல்லை. 1954இல் தொலைக்காட்சி நாடகமாக வந்த கதை அது. எனினும் அதை நாடகம் என்று தள்ளுவோர் குறைவு. காரணம் என்ன? தொடக்கத்தில் காமிரா கண்மட்டத்துக்கு மேலிருந்து நோக்குகிறது. பின்னர்க் கண்மட்டத்துக்கு இறங்குகிறது. இறுதிப் பகுதியில் அதற்கும் கீழே சென்று, மேற்கூரை தலைமேல் அழுத்துவதைக் காட்டுகிறது. வில்லைகளும் படிப்படியாக மாற, சுவர்கள் மனிதர்களை நெருங்கிவருவதாகத் தோன்றுகிறது. பன்னிருவர் பேசும் பேச்சுக்கு இணையாக அறையும் பேசுகிறது. ஆகவே, அறைக்குள் அடைபட்டிருப்பது குறையன்று. அறையைப் பேசவிடாததே குறை.

இதற்கு மறுதலையான சான்று நம் படத்திலேயே உண்டு. பெட்ரி, கதையை வீட்டுக்கு வெளியிலும் கொண்டுசெல்கிறார். மதுவிடுதியில் ஒரு காட்சி வருகிறது. புது வீட்டைக் குடும்பம் சென்று பார்க்கும் காட்சியும் வருகிறது. ஆயினும் நாடகம் என்னும் உணர்வு அவற்றால் நீங்கிவிடவில்லை. வெளியே சென்றால் மட்டும் திரைப்படம் ஆகிவிடாது என்பது இதனால் விளங்கும்.

அறையும் நிலமும்

இங்கேதான் தமிழ் மாணவர் ஒரு படி முன்னே செல்ல இயலும் என்று நாம் கருதுகிறோம். அகப்பாடலை முதல், கரு, உரி எனப் பகுத்துக் காணப் பயின்றவர்கள் நாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். நிலம் வெறும் பின்திரை அன்று என்பது நமக்குத் தெரியும். பாலையில் நிகழும் பிரிவைக் கொண்டுபோய் மருதத்தில் வைத்தால் அது வேறொரு பொருளாகிவிடும்.

இப்படத்தின் உரிப்பொருள் என்ன? தாய்க்கும் மகனுக்கும் இடையிலான பூசல், கணவன் மனைவியரிடையே வளரும் மௌனம், சிதையும் கனவு. கருப்பொருள்? சமையற்பகுதியில் உள்ள ஒரே சாளரத்தருகே, போதிய வெயில் இன்றி, லீனா வளர்க்கும் தொட்டிச்செடி; வெளிநடைக் குளியலறை; மடித்து வைக்கப்படும் பேரனின் படுக்கை. இவை அனைத்தும் படத்தில் செவ்வையாக உள்ளன. முதற்பொருளாகிய நிலம் எங்கே? இக்குடும்பத்தின் நிலம் அந்த அறை மட்டுமன்று. அவர்களை அந்த அறைக்குள் அடைத்த சிகாகோ நகரமே அவர்களின் நிலம்.

அந்த நகரம் செய்தது என்ன என்பதை அறிந்தாலன்றி அந்த அறையின் பொருள் விளங்காது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கத் தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் பெருந்திரளாகச் சிகாகோவுக்கு வந்தனர். நகரின் பல பகுதிகளில் வீட்டுரிமையாளர்கள் தமக்குள் உடன்படிக்கை எழுதிக்கொண்டனர். கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை என்பது அதன் சாரம். 1934இல் தோன்றிய கூட்டரசின் வீட்டுவசதி நிர்வாகமும் கறுப்பினக் குடியிருப்புகளில் வீட்டுக்கடனுக்குப் பொறுப்பேற்க மறுத்தது. விளைவு, மக்கள் பெருகினர், இடம் பெருகவில்லை. பெரிய வீடுகள் சிறு சிறு கூறுகளாகத் தடுக்கப்பட்டு, பல குடும்பங்களுக்கு ஒரு குளியலறை என்ற நிலை வந்தது. வெளிநடைக் குளியலறைக்காக டிராவிஸ் காத்திருப்பது நாடகாசிரியரின் கற்பனை நயம் அன்று. ஒரு நகரத்தின் சட்டமும் வணிகமும் கூடிச் செய்த ஏற்பாடு. ரூத் தான் கருவுற்றிருப்பதை அறிந்தபோது மகிழ்ச்சியைவிட அச்சமே கொள்கிறாள். ஐவருக்கே இடமற்ற கூட்டில் ஆறாவது உயிருக்கு இடம் எங்கே என்னும் கேள்வி அந்த அச்சத்தில் இருக்கிறது.

ஹான்ஸ்பெரி இதை ஏட்டில் மட்டும் படித்து எழுதியவர் அல்லர். அவருடைய தந்தை கார்ல் ஹான்ஸ்பெரி 1937இல் சிகாகோவில் வெள்ளையர் பகுதி ஒன்றில் வீடு வாங்கினார். வெறிகொண்ட கூட்டம் அவ்வீட்டைச் சூழ்ந்தது. எறியப்பட்ட கல் ஒன்று சிறுமி லொரெய்ன் மேல் படாமல் தப்பியது. தந்தை ஊரில் இல்லாத இரவுகளில் தாய் கைத்துப்பாக்கியுடன் வீட்டைக் காத்தார். வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்று, 1940 நவம்பரில் ஹான்ஸ்பெரி குடும்பத்துக்குச் சாதகமாக முடிந்தது. ஆனால் அவ்வெற்றி நடைமுறைச் சட்டக் காரணத்தால் கிடைத்ததே தவிர, அத்தகைய உடன்படிக்கைகள் செல்லாது என நீதிமன்றம் அன்று கூறவில்லை. அவற்றை நீதிமன்றங்கள் வாயிலாக நிறைவேற்ற இயலாது என்ற தீர்ப்பு 1948இல்தான் வந்தது. லிண்ட்னர் சட்ட ஓலையைக் கொண்டுவராமல் பணத்தைக் கொண்டுவருவதன் உட்பொருள் இப்பின்னணியில் நமக்குப் புலனாகிறது. நீதிமன்றக் கதவு அடைபட்ட பின்னர், வேலிக்குக் காவல் நிற்க வந்தது காசு.

வெட்டப்பட்ட தெரு

இனி, இக்கட்டுரையின் மையக் கருத்துக்கு வருவோம். படத்தில் நகரம் இல்லாமல் போனதற்குக் காரணம் ஆசிரியரின் மேடைப்பற்று என்றே பலரும் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறானது. ஹான்ஸ்பெரி எழுதிய முதல் திரைக்கதையில் நகரம் இருந்தது. லீனா தம் பகுதிக் கடையில் அழுகல் ஆப்பிளுக்கு மிகுந்த விலை சொல்லும் பணியாளரோடு வாதிட்டு, நல்ல பழத்துக்காகத் தொலைவிலுள்ள வேறு பகுதிச் சந்தைக்குச் செல்லும் காட்சி இருந்தது. வெள்ளையரான மதுக்கடைக்காரர் ஒருவரிடம் வால்ட்டர் தொழில் பற்றி வினவும் காட்சி இருந்தது. தெருமுனையில் ஒருவர் கறுப்பின மக்களின் நிலைபற்றி முழங்க, கூட்டத்தோடு நின்று வால்ட்டர் கேட்கும் காட்சி இருந்தது. இவை படத்தில் இல்லை. நிறுவனத்தார் திரைக்கதையின் கணிசமான பகுதியைக் குறைக்கச் செய்தனர். இனச்சிக்கலை நேரடியாகத் தொடும் பகுதிகளே மிகுதியும் அவ்வாறு நீங்கின. அம்மையார் 1965 ஜனவரியில், முப்பத்து நான்கே வயதில், புற்றுநோய்க்கு இரையானார். அவரது முழுத் திரைக்கதை அச்சேறியது 1992இல்தான்.

அந்த ஆப்பிள் காட்சியைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். அதில் சொற்பொழிவு தேவையில்லை. பழக்கூடையையும், விலையையும், ஒரு முதிய பெண் செல்லும் தூரத்தையும் காமிரா காட்டினாலே போதும். வறியவர் கூடுதல் விலை கொடுக்கும் விந்தை விளங்கிவிடும். மூல நாடகத்தில் லீனா, கறுப்பினத்தவருக்கெனத் தொலைவில் கட்டப்படும் வீடுகள் இருமடங்கு விலையாக இருப்பதாகச் சொல்கிறார். கிளைபோர்ன் பார்க்கை அவர் நாடியது புரட்சி செய்வதற்கன்று. கைப்பணத்துக்குக் கிடைத்த நல்ல வீடு அது என்பதற்காகவே. பழத்தில் தொடங்கி வீட்டில் முடியும் இந்த ஒரே கணக்கு, திரைக்கே உரிய மொழியில் சொல்லப்பட்டிருக்கும். அதை எழுதிக் கொடுத்தவர் நாடகாசிரியர். வேண்டாம் என்றது திரைப்பட நிறுவனம். பின்னர் "படம் நாடகமாக இருக்கிறது" என்னும் பழி மட்டும் நாடகத்தின் தலையில் விழுந்தது.

மேடையும் முற்றிலும் குற்றமற்றது அன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். கறுப்பினத்தவர் குடியேறிய வீடு ஒன்று குண்டுவைத்துத் தாக்கப்பட்ட செய்தியை நாளிதழோடு கொண்டுவரும் அண்டைவீட்டுப் பெண் ஜான்சன், 1959 மேடையேற்றத்திலேயே நீக்கப்பட்டார். படத்திலும் அவர் இல்லை. 1989இல் பில் டியூக் இயக்கத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த வடிவத்தில் அவர் மீண்டும் இடம்பெற்றார். அந்த வடிவம் 1961 படத்தைக் காட்டிலும் நாடகத்தன்மை மிக்கது. எனினும் கையில் நாளிதழுடன் ஒரு பெண் கதவைத் தட்டியதும், நகரமே உள்ளே வந்துவிடுகிறது. அறையை விட்டு வெளியேறாமலேயே நிலத்தைக் காட்டலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

யாருக்கு இழப்பு?

"காட்சிகள் சில போனால் என்ன? கதை முழுமையாகத்தானே உள்ளது?" எனச் சிலர் வினவலாம். இழப்பு கலைக்கு மட்டுமாயின் நாமும் இத்துணை நேரம் பேசியிருக்க மாட்டோம். நிலம் நீங்கினால் உரிப்பொருள் தடம் மாறுகிறது. நகரம் கண்ணில் படாதபோது, வால்ட்டரின் சினம் ஓர் ஊதாரி மகனின் சினமாகத் தோன்றுகிறது. லீனாவின் உறுதி ஒரு தாயின் பிடிவாதமாகச் சுருங்குகிறது. "இது எந்தக் குடும்பத்திலும் நிகழும் கதைதான்" என்ற பாராட்டு இப்படத்துக்குக் கிடைத்தது. எல்லாக் குடும்பங்களின் கதையும் இதில் உண்டு என்பது உண்மையே. ஆனால் எல்லாக் குடும்பங்களின் வாயிலுக்கும் லிண்ட்னர் வருவதில்லை. பொதுமை என்னும் பாராட்டே சில வேளைகளில் ஒரு போர்வையாகிவிடுகிறது. குற்றம் செய்தவரும் அதனுள் வசதியாகப் படுத்துக்கொள்கிறார்.

எனவே நாம் வழங்கும் தீர்ப்பு இதுதான். இப்படம் நாடகம் போல இருக்கிறது என்பது சரி. ஆனால் அதன் உண்மையான குறை, ஓர் அறைக்குள் நின்றுவிட்டது அன்று. அந்த அறையைக் கட்டியது யார் என்பதைக் காட்டும் வாய்ப்பு பறிக்கப்பட்டதே. இத்தனை குறைகளுக்கு இடையிலும் படம் வீழ்ந்துவிடவில்லை என்றால், அதற்கு மேடை தந்த வலிமையே காரணம். இறுதிக் காட்சியில் பேரனை வெளியே அனுப்பாமல் நிறுத்திவைக்கிறார் லீனா. தந்தை செய்யப்போவதை மகன் காண வேண்டும் என்கிறார். வால்ட்டர் தன் தந்தையின் உழைப்பைச் சொல்லி, மகனை முன்னிறுத்தி, பணத்தை மறுக்கிறான். பேச்சாலும் மௌனத்தாலும் மட்டுமே நிகழும் அந்தச் சில நிமிடங்கள் நாடகம்தான். முத்தமிழில் ஒன்றாக நாம் போற்றிய அதே நாடகம். அங்கே அச்சொல் வசையாகாது.

திரைப்படம் குறித்து எழுதவும் பேசவும் முற்படும் மாணவச் செல்வங்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 'நாடகத்தன்மை' என்ற சொல்லை எழுதுமுன் எழுதுகோலைச் சற்றே நிறுத்துங்கள். காமிரா எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். அறை பேசுகிறதா என்று கேளுங்கள். கதையின் நிலம் எது, அது திரையில் உள்ளதா என்று கேளுங்கள். இல்லையெனில், அதை எடுத்தவர் யார், எதற்காக எடுத்தார் என்றும் கேளுங்கள். உத்தியின் குறை என நாம் அவசரமாகப் பெயரிடுவது, சில நேரங்களில் ஒரு சமுதாயத்தின் வாய் பொத்தப்பட்ட வடுவாக இருக்கக்கூடும். அவ்வடுவைக் கண்டு சொல்வதும் திறனாய்வாளரின் கடமையே.